கணக்கில் இல்லாத கல்

இரு மாவட்ட உள்ளூர் உலா இயக்ககத்திடம் ஒரு பொருளைக் கொடுப்பது மிகவும் எளிது. கவியாவுக்கு நாலு நிமிஷம்தான் ஆயிற்று. அவள் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதற்காகத்தான் அவள் புருஷன் அறிவரசன், முப்பத்தோராவது வயதில், தன் சொந்தச் சீமையை முதன்முதலாகச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டான்.

கொடுத்த பொருள் ஒரு கல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ஆட்டுக்கிடாயின் கொம்பு போலச் சுருண்டிருக்கும். ரெட்டிபாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற தண்ணீர் போக வாய்க்கால் வெட்டியபோது கவியாவின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. வெட்டு விழுந்த இடத்தில் நகம் அளவுக்கு ஒரு தழும்பு. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது, அந்தக் கடலின் நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கின்றன என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். சிமெண்ட் ஆலையில் அந்தக் கடலைத்தான் அரைக்கிறார்கள். அறிவரசன் வேதியியல் படித்துவிட்டு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தான். அரைத்த கடலில் சுண்ணாம்பு எத்தனை சதவீதம் என்று நாள் முழுக்கப் பார்த்து எழுதுவான்.

கவியா கல்லைக் கழுவி வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். கீல் சாய்ந்த கதவு. காற்று வந்தால் பட்டென்று அடித்துக்கொள்ளும். கல் வந்தபின் அடிக்கவில்லை. மூன்று வருஷம் அந்தக் கல் வேறு எந்தப் புகழும் இல்லாமல் இருந்தது.

பிறகு ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்தது. "வீட்டுக்கு ஒரு பொருள், மாவட்டத்துக்கு ஒரு பெருமை." ஆறு மாதத்துக்கு இரவல் கொடுத்தால் போதும், அரியலூரில் இயக்ககத்தின் மரபு மையத்தில் காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். கவியா கல்லைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டாள்.

"கதவு?" என்று கேட்டான் அறிவரசன்.

"ஆறு மாசம் அடிச்சுட்டுப் போவுது. நம்ம வூட்டுக் கல்ல நாலு பேரு பாக்கட்டுமே."

சீட்டு வாங்கிக்கொண்டு அவளே இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். "கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஃபேன் காத்துல ஒக்காந்துருக்கு. யாரு வந்தாலும் எந்திரிக்கறதில்ல. அப்படியே உங்களாட்டம்."

மூன்றாவது மாதம் ஒரு காலையில், செந்துறைச் சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி. அறிவரசன் அதைப்பற்றி யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் கேட்கிறவர்கள் லாரி என்ன வேகத்தில் வந்தது என்று விசாரித்தார்கள்.

அதன்பின் அந்த வீட்டில் சத்தம் போட்டது கதவு ஒன்றுதான். வேறு கல்லை வைத்திருக்கலாம். தெருவெல்லாம் கல்தான். அவன் வைக்கவில்லை. ஆறு மாதம் முடிந்த மறுநாள் ரசீதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரியலூருக்குப் போனான்.

மரபு மையத்தின் வாசலில் காவலர் பஞ்சநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறவர்களுக்கே உரிய நிதானம் அவரிடம் இருந்தது.

"சீட்டு சார்?"

"பாக்க வரலைங்க. எங்க கல்ல வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

"வாங்க வந்தாலும் உள்ள போனா பாப்பீங்கல்ல. பாத்தா சீட்டு."

சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் அட்டை: "எண் 47. வயது பத்துக் கோடி ஆண்டு. அளித்தவர்: கவியா. ஓரத்தில் காணப்படும் தழும்பு, தொல்கடலில் வாழ்ந்த கொடிய வேட்டை விலங்கு ஒன்றின் பல்தடம்."

அறிவரசன் அட்டையை இரண்டு முறை படித்தான். படித்தால் அவள் சிரித்திருப்பாள் என்று தோன்றியது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பெட்டியத் தெறந்து குடுங்க. ரசீது இருக்கு."

"பூட்டு எங்கிட்ட இருக்கு சார். சாவி பெரம்பலூர்ல இருக்கு."

"ஏங்க?"

"ரெண்டு மாவட்டத்துக்கும் சேத்து ஒரு ஆபீஸு. பூட்டும் சாவியும் ஒரே மாவட்டத்துல இருந்தா இன்னொரு மாவட்டம் கோவிச்சுக்கும்ல. அதான் பங்கு பிரிச்சுட்டாங்க. பெட்டி தொடைக்கணும்னாக்கூட சாவி பஸ்ஸுலதான் வரும்."

குன்னம் வழியாகப் பஸ் பிடித்து அறிவரசன் பெரம்பலூர் போனான். இயக்ககம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. உதவியாளர் ஆனி ரோஸ் வரதராசன்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். ரசீதைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் தெரிந்தது. ரசீதோடு யாரும் இதுவரை வந்ததில்லை.

படிவம் ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். "திரும்பப் பெறும் நோக்கம்" என்ற இடத்தில் "கதவு அடிக்காமல் இருக்க" என்று அறிவரசன் எழுதினான்.

"சார், இதை இப்படியே எழுதணுமா?"

"உண்மை அதுதாங்க."

"உண்மைய எழுதணும்னு படிவத்துல எங்கயும் போடலையே. சரி, இருக்கட்டும். குடுத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"எறந்துட்டாங்க."

ஆனி ரோஸ் பேனாவை வைத்துவிட்டாள். பிறகு மெதுவாக, "சான்றிதழ் ரெண்டு நகல் வேணுங்க" என்றாள். அவனிடம் எட்டு நகல் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இணை இயக்குநர் சிவசுப்பிரமணியன் அறையில் நாலு பக்கச் சுவரிலும் வரைபடம் மாட்டியிருந்தது. படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"பத்துக் கோடி வருஷத்துக் கல்லு. அதக் கதவுக்கு வைக்கப் போறேங்கிறீங்க."

"மூணு வருஷம் வச்சிருந்தோம் சார். கல்லுக்கு ஒண்ணும் ஆகலை."

"கல்லுக்கு ஆகாது தம்பி. பாரம்பரியத்துக்கு ஆகும். ரஞ்சன்குடிக் கோட்டை பாத்திருக்கீங்களா?"

"பஸ்ஸுல போறப்ப பாத்திருக்கேன் சார்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"சன்னல் பக்கத்துலேர்ந்து."

இணை இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். அவர் பேசத் தொடங்கப் போகிறார் என்று தெரிந்து ஆனி ரோஸ் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

"இதுதான் நம்ம மக்களோட வியாதி. அமெரிக்கா பாக்கணும்பான். சிங்கப்பூர் பாக்கணும்பான். காலடியில கெடக்குற கங்கைகொண்ட சோழபுரத்தப் பாக்க மாட்டான். இந்தத் துறையில நான் பதினெட்டு வருஷமா இருக்கேன். ஒரு இடத்துக்குக்கூட நான் போனதில்ல. ஏன் போகலை? போனா இந்த இடம் ஒசத்தி அந்த இடம் மட்டம்னு பாரபட்சம் வந்துடும். எல்லா இடத்தையும் நான் சமமா நேசிக்கிறேன். அதுக்கு ஒரு மனசு வேணும்."

"சரிங்க சார். கல்லு?"

"தன் மண்ணை அறியாதவனிடம் மண்ணின் செல்வத்தை ஒப்படைக்கக் கூடாது. விதி. உலாக் கையேடு ஒண்ணு தரச் சொல்றேன். ஒம்போது இடம், மூணு உணவகம். பன்னெண்டு முத்திரை. ஒரு மாசம். வாங்கிட்டு வாங்க, கல்ல நானே என் கையால தரேன்."

ஆனி ரோஸ் கொடுத்தது குடும்பக் கையேடு. இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி என்று அச்சடித்திருந்தது.

"ஒத்த ஆளுக்கு அச்சடிக்கலைங்க" என்றாள். "அந்தப் பக்கத்த சும்மா வுட்டுருங்க."

ஆலையில் பாக்கியிருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டான் அறிவரசன். பாக்கி நிறைய இருந்தது. கவியாவோடு எங்காவது போகலாம் என்று சேர்த்து வைத்தது.

முதலில் ரஞ்சன்குடி. ஏறிப் பார்த்தான். கோட்டை நன்றாகத்தான் இருந்தது. மேலே காற்று ஆளைப் பிடுங்கியது. கதவென்று எதுவும் மிச்சமில்லாததால் எதுவும் அடித்துக்கொள்ளவில்லை. அவன் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். முத்திரை கோட்டையில் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடையில் இருந்தது. கடைக்காரர்தான் இயக்ககத்தின் தன்னார்வலர். டயரை உருட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கேள்வித்தாளை நீட்டினார்.

"இவ்விடத்தைக் கண்டபோது எவ்வாறு உணர்ந்தீர்கள்?" கீழே மூன்று கட்டம்: பெருமிதம், மிகுந்த பெருமிதம், சொல்லொணாப் பெருமிதம்.

அறிவரசன் ரொம்ப நேரம் யோசித்தான்.

"காத்து நல்லா வந்துச்சுங்க. அத எங்க போடுறது?"

"காத்துக்குக் கட்டம் இல்ல சார்."

முதல் கட்டத்தில் டிக் போட்டான். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"வெறும் பெருமிதம் போட்டா உங்களுக்கு ஏதோ கொறை இருக்குன்னு விசாரணை வைப்பாங்க. எனக்குத்தான் கடையப் பூட்டிட்டு அலையணும். ரெண்டாவதாச்சும் போடுங்களேன்."

"முத்திரை விழுமா, விழாதா?"

"விழும்."

"அப்ப இது போதுங்க."

கேள்வித்தாள் நீட்டிய எந்த இடத்திலும் அவன் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பிடிவாதம் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

சாத்தனூர்க் கல்மரம் விழுந்த இடத்திலேயே கோடிக்கணக்கான வருஷமாகக் கிடந்தது. அதனிடம் யாரும் எதற்கும் நகல் கேட்டதில்லை. அறிவரசனுக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமை வந்தது. கரைவெட்டி ஏரிக்குப் பறவை இல்லாத பருவத்தில் போய்ச் சேர்ந்தான். ஐம்பது பறவையாவது எண்ணியதாக எழுதினால்தான் முத்திரை. ஏரியில் மூன்று கொக்கு நின்றன. தன்னார்வலர் பழைய பதிவேட்டைப் புரட்டி, "போன தையில ஒருத்தர் நூத்திப் பன்னெண்டு எண்ணியிருக்காரு. நீங்க அம்பது கழிச்சு எழுதிக்குங்க. இந்த வருஷம் மழ கம்மி" என்றார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இயக்ககம் ஒரு செயலி வைத்திருந்தது. சாலையோரத்தில், அவர்கள் நட்டிருந்த பலகைக்கு முன்னால், கோபுரம் பின்னால் தெரியும்படி நின்று செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டும். முகத்தில் மகிழ்ச்சி இருந்தால் செயலியே முத்திரை போட்டுவிடும். அறிவரசன் நின்றான். "மகிழ்ச்சி கண்டறியப்படவில்லை" என்றது செல்போன். மறுபடி நின்றான். கண்டறியப்படவில்லை. பதினான்கு தடவை. பலகையின் நிழலில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சும்மா பல்லக் காட்டுனா ஒத்துக்காது தம்பி. நல்லதா ஏதாச்சும் நெனச்சுக்குங்க."

அவன் நினைத்துக்கொண்டான். கவியா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, "இந்தாங்க, ஒங்க ஆலைக்குத் தப்பிச்ச ஒண்ணு" என்று சொன்னதை நினைத்துக்கொண்டான். செல்போன் இந்தத் தடவை, "முகம் கண்டறியப்படவில்லை" என்றது.

உச்சி வெயில் கண்ணில் நேராக விழுந்தது. கண்ணைச் சுருக்கி, உதடு இழுத்துக்கொண்டு, பல் வெளியே தெரிய அவன் முகத்தைத் திருப்பிய நேரத்தில் செல்போன் மணி அடித்தது. "மிக்க மகிழ்ச்சி. வாழ்த்துகள்." முத்திரை விழுந்துவிட்டது. அந்தப் படம்தான் பிற்பாடு இயக்ககத்தின் சுவரொட்டியில் வந்தது.

கடைசி முத்திரை உடையார்பாளையத்தில், பொன்னுத்தாய் உணவகத்தில். வாசலில் "அங்கீகரிக்கப்பட்ட சோழர் காலச் சுவையகம்" என்று பலகை தொங்கியது. பலகைக்குக் கீழே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள் பொன்னுத்தாய்.

"சோழர் காலச் சாப்பாடு ஒண்ணு" என்றான்.

"முத்தரைக்கா, பசிக்கா?"

"முத்திரைக்குங்க."

"பசிக்கு ஒருத்தனும் வர்றதில்ல. முந்தி முந்திரிக்கொட்ட லோடு ஏத்துறவங்க அத்தன பேரும் இங்கதான் திம்பாங்க. சோறும் கருவாட்டுக் கொழம்பும். பலகைய மாட்டுனாங்க, கருவாடு கூடாதுன்னுட்டாங்க. ராசாங்க கருவாடு தின்னதுக்குக் கல்வெட்டு இல்லியாம்." அவள் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குழிக்குழியாக ஏழு கிண்ணம். எதிலும் உப்பு இல்லை. "உப்புக்கும் கல்வெட்டு தேடிக்கிட்டு இருக்காங்களாம்."

அவன் கடமையாக ஒரு கிண்ணத்தை முடித்தான். அவள் எதிரில் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினாள்.

"ஊட்டுக்காரி வரலியா? இந்தப் பக்கம் வெறுமனே கெடக்குது."

"இல்லைங்க."

அவன் சொன்ன விதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது வேறு தட்டு. சூடான சோறு, மேலே கருவாட்டுக் குழம்பு. "பலகைக்குத் தெரியாமத் தின்னு" என்று வாசல் பக்கம் இருந்த ஸ்டூலை நகர்த்தி அவனை மறைத்தாள். அறிவரசன் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு கேட்டான். வாய் திறந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அவனுக்கு நினைவில்லை.

"எதுக்குத் தம்பி இந்தப் பன்னெண்டு முத்தர?"

சொன்னான். கல்லை, கதவை.

"நாசமாப் போக. எங்க அம்மியையும் அந்த ஜீப்புலதான் ஏத்திட்டுப் போனானுவோ. ஆறு மாசம்னு. நாலு வருஷம் ஆச்சு. மிக்சி வாங்கி அரைக்கிறேன். மாசாமாசம் ஆய்வுக்கு ஒருத்தன் வர்றான். ஏம்மா அம்மியில அரைக்கலங்கிறான். அம்மி ஒங்கிட்டதானடா இருக்குன்னா, அது வேற பிரிவுங்கிறான்." அவள் முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினாள். "நீ கல்ல வாங்கப் போறப்ப அதத் தொட்டுப் பாத்துட்டு வா. எங்கம்மியான்னு தெரியும். ஒரு மூல ஒடஞ்சிருக்கும்."

அறிவரசன் அந்த அம்மியை மையத்தில் பார்த்திருந்தான். உடைந்த மூலையைப் பற்றி அட்டையில் ஒரு படையெடுப்பு எழுதியிருந்தது. அதை அவளிடம் அவன் சொல்லவில்லை.

பன்னிரண்டு முத்திரையோடு அவன் மூன்றாவது மாடி ஏறியபோது இயக்ககமே கலங்கிப் போயிற்று. திட்டம் தொடங்கி நாலு வருஷத்தில் பன்னிரண்டையும் முடித்தவன் இவன் ஒருவன்தான். முடித்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. இணை இயக்குநர் இரண்டு நாள் யோசித்து, விழா எடுப்பது என்று முடிவு செய்தார்.

விழா பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பின்னால் அறிவரசனின் பல் தெரியும் படம் ஆள் உயரத்துக்கு. முன்னால் அறிவரசன் சால்வையோடு. சிவசுப்பிரமணியன் நாற்பது நிமிஷம் பேசினார்.

"இந்த இளைஞர் மனைவிய இழந்து வந்தாரு. துவண்டு வந்தாரு. நம்ம கையேடு அவர் கையில விழுந்துச்சு. இன்னிக்கு, அதோ பாருங்க, எப்படிச் சிரிக்கிறாரு. செயலி பொய் சொல்லாது. மிக்க மகிழ்ச்சின்னு வந்திருக்கு. இத நான் ஒரு வெற்றியாப் பாக்கிறேன். ஆனா இது போதுமா? ரெண்டு மாவட்டத்துலயும் துணைய இழந்தவங்க எத்தன பேரு இருக்காங்க. அத்தன பேரும் வூட்டுக்குள்ள மொடங்கிக் கெடக்குறாங்க. சுற்றுலாவுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு. அவங்களுக்குன்னு தனிக் கையேடு போடலாம்னு இருக்கேன். ஒத்தப் பக்கம் போதும். அச்சுச் செலவு பாதியாயிடும்."

கைத்தட்டினார்கள். ஆனி ரோஸ் மட்டும் மைக் ஒயரைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தாள்.

பிறகு கல் வந்தது. சிவப்பு வெல்வெட் விரித்த தட்டில் பஞ்சநாதன் ஏந்திக்கொண்டு வந்தார். இணை இயக்குநர் எடுத்து அறிவரசனின் இரண்டு கையிலும் வைத்தார். கல் குளிர்ந்திருந்தது. அடியில் வெள்ளைப் பெயிண்டில் 47 என்று எழுதியிருந்தார்கள். அவன் கட்டைவிரல் தானாக ஓரத்துக்குப் போய் அந்தத் தழும்பைத் தேடிப் பிடித்தது. போட்டோக்காரர் இங்கே பாருங்க சார் என்றார். ஆனி ரோஸ் பதிவேட்டை நீட்டினாள். "பொருளைப் பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில், கல்லை விடாமல், ஒரு கையால் கையெழுத்துப் போட்டான்.

மேடையிலிருந்து இறங்கியதும் பஞ்சநாதன் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"வைங்க சார். மூணு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

"எதைங்க?"

"கல்லத்தான். போட்டோ முடிஞ்சிருச்சுல்ல. பெட்டியில வைக்கணும்."

"எனக்குக் குடுத்தாங்களே."

"மேடையில குடுக்கறது வேற சார். எல்லாருக்கும் அப்படித்தான். போன வருஷம் ஆறு பேருக்குக் கேடயம் குடுத்தாங்க. ஒரே கேடயம். ஒருத்தர் கையிலேர்ந்து வாங்கி அடுத்தவருக்குக் குடுத்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலை."

அவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முரட்டுத்தனமாக இல்லை. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிறவர் போல.

மறுநாள் அறிவரசன் மூன்றாவது மாடிக்குப் போனான். அறைக்குள் சிவசுப்பிரமணியன் பதிவேட்டைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார்.

"உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"இந்தப் போட்டோவுல இருக்கறது நீங்கதானே? கையில இருக்கறது அந்தக் கல்லுதானே?"

"ஆமா சார். ஆனா கல்லு அரியலூர்ல பெட்டியில இருக்கு. காலையில பாத்துட்டுத்தான் வரேன்."

"இருக்க முடியாதே. நாப்பத்தேழு உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டாச்சு. கணக்கு முடிஞ்சுது."

"அப்ப பெட்டியில இருக்கறது என்ன சார்?"

இணை இயக்குநர் நன்றாக யோசித்தார். இந்த மாதிரி நேரத்தில்தான் அவருடைய பதினெட்டு வருஷ அனுபவம் வெளியே தெரியும்.

"அது கணக்குல இல்லாத கல்லு தம்பி. கணக்குல இல்லாத ஒரு பொருள எடுத்து நான் யாருகிட்டயும் குடுக்க முடியாது. குடுத்தா எம்மேல நடவடிக்கை எடுப்பாங்க."

ஆடி பிறந்தது. காற்று பகலெல்லாம் புழுதியை வாரி இறைத்தது. கதவு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தபாலில் ஓலை வந்தது: தங்கள் வசம் உள்ள எண் 47 கொண்ட தொல்பொருளின் ஆண்டாய்வுக்கு அலுவலர் வருவார்; பொருள் விண்ணப்பத்தில் கண்ட நோக்கத்துக்கே பயன்பட வேண்டும்; தவறினால் சட்டப்படி நடவடிக்கை.

அவன் ஆனி ரோஸுக்குப் போன் செய்தான். "எங்கிட்ட இல்லைன்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"எழுதாதீங்க சார். தொலைச்சுட்டீங்கன்னு ஆயிடும். போலீஸ் கேஸு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஆய்வுக்கு நாந்தான் வரேன். பஞ்சண்ணன்கிட்ட பேசிட்டேன், சாவியும் பஸ்ஸுல அனுப்பிடறேன். கையோட எடுத்துட்டு வந்துருவாரு. பாத்து எழுதிட்டு, திரும்பக் கொண்டு போயிருவாரு. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பஞ்சநாதன் சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கீழே வைத்தார். அதற்கடியில் துண்டில் சுற்றிய கல் இருந்தது.

"எங்க வைக்கணும் சார்?"

அறிவரசன் வாங்கிக் கதவின் அடியில் வைத்தான். தரையில் அதற்கென்று ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. கல் அதில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனி ரோஸ் படிவத்தைப் படித்தாள். "நோக்கம், கதவு அடிக்காமல் இருக்க. அப்ப காத்து வந்தாத்தான் தெரியும். காத்து வர்ற வரைக்கும் இருப்போம்."

"வெளியில அடிக்கிறதெல்லாம் என்னாது?" என்றார் பஞ்சநாதன்.

"அது தெருக் காத்து. இந்தக் கதவுக்கு வரட்டும்" என்று அவள் திண்ணென்று உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வந்தது. கதவு கல்லில் சாய்ந்து ஒரு தடவை முனகியது. அடிக்கவில்லை. இன்னொரு காற்று வந்தது. வீடு அமைதியாக இருந்தது. அறிவரசன் எழுந்து டீ போடப் போனான். அடுப்பைச் சிறியதாக வைத்துப் பாலைக் காய்ச்சினான். இஞ்சியைத் தட்டினான். தட்டியது போதாதென்று மறுபடி தட்டினான். டிகாக்‌ஷன் இறங்கியபின்னும் வடிகட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். வடிகட்டி அவன் கையில் இருந்தது.

"பஞ்சண்ணே, இங்கயே வுட்டுட்டுப் போயிடலாமே" என்று ஆனி ரோஸ் சொன்னது உள்ளே கேட்டது.

"பெட்டி காலியாக் கெடந்தா யாரு பதில் சொல்றது? எட்டு மாசம் சர்வீஸு இருக்கு எனக்கு."

அறிவரசன் எட்டிப் பார்த்தான். "வேற கல்லு தரேங்க. இதே அளவுல. அதப் பெட்டியில வச்சுக்குங்க."

பஞ்சநாதன் முகம் சுண்டிவிட்டது. "அது மோசடி சார். முப்பத்தஞ்சு வருஷத்துல நான் அந்த மாதிரி வேலையெல்லாம் செஞ்சதில்ல."

டீ குடித்தார்கள். சூடு அதிகம் என்று ஆனி ரோஸ் ஆற்றி ஆற்றிக் குடித்தாள். பாதி டம்ளர் முடிய அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் பஞ்சநாதன் கல்லைத் துண்டில் சுற்றி, மேலே டிபன் பாக்ஸை வைத்து எழுந்தார். "அடுத்த ஆய்வு அடுத்த ஆடியில சார். அப்ப நான் இருக்க மாட்டேன். புதுசா வர்றவருகிட்ட சொல்லி வச்சுட்டுப் போறேன்."

அவர்கள் படியிறங்கியதும் கதவு பட்டென்று சாத்திக்கொண்டது. அறிவரசன் டம்ளர்களை எடுத்தான். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தான். ஆனி ரோஸ் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"இது ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

பொருளைக் கண்டபோது எவ்வாறு உணர்ந்தீர்கள்? கீழே அதே மூன்று கட்டம்: பெருமிதம், மிகுந்த பெருமிதம், சொல்லொணாப் பெருமிதம்.

அவன் பேனாவை வாங்கி மூன்றாவதில் டிக் போட்டுக் கொடுத்தான்.